காணாமல் போன 17 பிளக்-இன்கள்: எஃப்எல் ஸ்டுடியோவிலிருந்து ரீப்பருக்கு மாறிய அனுபவம்

சேலம் அம்மாப்பேட்டையில் என் வீட்டு மாடியில் உள்ள சிறிய ஒலிப்பதிவு அறையில் 12 ஆண்டுகளாக எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளில்தான் வேலை செய்துவந்தேன். கடந்த சித்திரை மாதம் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளுக்கு மாறினேன். எஃப்எல் ஸ்டுடியோவின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. தாளக் கட்டுகளை அடுக்கிப் பாட்டு அமைப்பவர்களுக்கு அதைவிட இலகுவான கருவியை நான் கண்டதில்லை. ஆனால் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் பம்பை, உடுக்கை, நாகசுரம், தவில் என்று நேரடியாக வாசிக்கும் குழுவினர். 8 மைக்குகளை ஒரே நேரத்தில் பதிந்து, ஒரே பாட்டை நான்கைந்து முறை பாடவைத்து, ஒவ்வொரு முறையிலும் நன்றாக அமைந்த வரியைப் பொறுக்கிச் சேர்க்கும் வேலைக்கு ரீப்பர் கூடுதலாகக் கைகொடுக்கும் என்பது அதன் 60 நாள் சோதனைக் காலத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதே வாரத்தில் கணினியையும் மாற்றினேன். விண்டோஸ் 11 புதிதாக நிறுவப்பட்ட கணினியில் ரீப்பரும் புதிதாக அமர்ந்தது. இது நான் செய்த பிழை. ஒரு பிளக்-இன் (மென்பொருளுக்குள் சேர்த்து இயக்கும் ஒலிக் கருவி) பட்டியலில் இல்லையென்றால், அது மென்பொருள் மாறியதால் இல்லையா, விண்டோஸ் புதிது என்பதால் இல்லையா, கோப்பு இருந்த வட்டு இடம் மாறியதால் இல்லையா என்று பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று. ஒன்றை மாற்றி ஒரு மாதம் பழகிய பிறகு மற்றொன்றில் கை வைத்திருக்க வேண்டும். பழைய கணினியை விற்காமல் வைத்திருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது.

சிக்கலை முதலில் கண்டுபிடித்தவர் நானல்ல. ஏற்காட்டு மலையில் ஒரு சிற்றூர் மாரியம்மன் கோயிலுக்காக 2013-இல் நான்கு பாடல்களைப் பதிந்து கொடுத்திருந்தேன். இந்த ஆடிக்கு அந்த நான்கையும் புதுப்பித்து, மேலும் இரண்டு பாடல்களைச் சேர்த்துத் தரும்படி அதே குழுவினர் கேட்டார்கள். பழைய பதிவுகளின் தடங்களைத் தனித்தனி வேவ் கோப்புகளாக எடுத்து ரீப்பரில் அடுக்கி, எதிரொலி சேர்க்கும் பிளக்-இன்னான ரிவர்புகளில் கையில் கிடைத்த ஒன்றைப் போட்டு, ஒரு மாதிரிக் கலவையைக் கைப்பேசியில் அனுப்பினேன். அன்று மாலையே பம்பை வாசிக்கும் பெரியவர் அழைத்தார்.

“தம்பி, பழைய பாட்டுல சேர்வராயன் குகைக்குள்ள நின்னு அடிச்ச மாதிரி ஒரு முழக்கம் இருந்துச்சே, அதைக் காணோமே. இது திண்ணையில உக்காந்து அடிச்ச மாதிரியில்ல இருக்குது?”

ஏற்காட்டில் உள்ள சேர்வராயன் குகைக் கோயிலைத்தான் குறிப்பிட்டார். அவர் சொன்னது சரி. 2013-இல் அந்தப் பம்பைக்கு நான் போட்டிருந்த ரிவர்ப் புதிய கணினியில் இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்றைப் போட்டுவிட்டு, கேட்பவர்களுக்கு வேறுபாடு தெரியாது என்று எண்ணியிருந்தேன். அந்த அழைப்புக்குப் பிறகு வேலையை நிறுத்திவிட்டு, எனக்கு எவையெல்லாம் இல்லை என்று முழுமையாகக் கணக்கெடுக்க உட்கார்ந்தேன்.

பழைய கணினியில் எஃப்எல் ஸ்டுடியோ திட்டங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, மிக்சரின் ஒவ்வொரு தடத்திலும் இருந்த பிளக்-இன்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதினேன். என்னிடம் உதவியாளராக இருக்கும் தம்பி தன் மடிக்கணினியில் ரீப்பரில் செய்திருந்த இரண்டு பாடல்களும் இருந்தன. அவற்றுக்கு இவ்வளவு பாடு தேவைப்படவில்லை. ரீப்பரின் திட்டக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். அதை நோட்பேடில் திறந்து, பிளக்-இன்களின் வடிவத்தைக் குறிக்கும் விஎஸ்டி என்ற சொல்லைத் தேடினால், எந்தத் தடத்தில் எந்தப் பிளக்-இன், அது எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதுவரை வரிவரியாகக் கிடைக்கிறது. இப்படிச் சேர்த்த பட்டியலைப் புதிய கணினியின் ரீப்பர் காட்டிய பட்டியலோடு ஒப்பிட்டபோது, 17 பெயர்கள் எதிரே எதுவும் இல்லாமல் நின்றன.

முதல் இரண்டு நாட்களை வீணாக்கினேன். 17-உம் ஒரே நோய் என்று நினைத்து, ஒரே மருந்தைத் தேடிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் மறுபடி நிறுவினால் சரியாகிவிடும் என்று நிறுவிக்கொண்டே போனேன். மூன்றாம் நாள்தான் நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கேள்வியை எழுதத் தொடங்கினேன்: கோப்பே கணினியில் இல்லையா, கோப்பு இருந்தும் ரீப்பர் அங்கே தேடவில்லையா, தேடியும் திறக்க முடியாமல் விட்டுவிட்டதா, திறந்தும் அதை வேறொன்றாக எடுத்துக்கொள்கிறதா? அதன் பிறகு வேலை நகரத் தொடங்கியது.

முதலில் 6 பெயர்களை அடித்துவிட முடிந்தது. ஃப்ரூட்டி பாராமெட்ரிக் ஈக்யூ 2, ஃப்ரூட்டி ரீவெர்ப் 2, ஃப்ரூட்டி லிமிட்டர், ஃப்ரூட்டி கம்ப்ரஸர், ஃப்ரூட்டி டிலே 3, ஃப்ரூட்டி ஸ்டீரியோ என்ஹான்ஸர் ஆகியவை எஃப்எல் ஸ்டுடியோவோடு பிறந்தவை. அவை விஎஸ்டி வடிவத்தில் வெளியே எடுத்துக்கொண்டு போகக்கூடிய தனிப் பிளக்-இன்கள் அல்ல. பல ஆண்டுகள் பயன்படுத்திய பழக்கத்தில், வெளியிலிருந்து நிறுவியவையும் இவையும் என் மனத்தில் ஒன்றாகிப் போயிருந்தன. எஃப்எல் ஸ்டுடியோவையே ஒரு விஎஸ்டி கருவியாக மற்றொரு மென்பொருளுக்குள் திறக்க வழி இருக்கிறது. பழைய திட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு வேலையைத் தொடர விரும்புபவர்களுக்கு அது பயன்படும். நான் அந்த வழியில் போகவில்லை, ஏனென்றால் இன்னும் சில ஆண்டுகள் கழித்துத் திறக்கும்போது இரண்டு மென்பொருள்களும் சேர்ந்து ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் ஒளிந்திருக்கிறது.

அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவுக்கு ரீப்பரோடு வரும் ரியாஈக்யூவையே எடுத்துக்கொண்டேன். எண்களை அப்படியே பெயர்த்து எழுதினால் போதும் என்று தொடங்கி, அது நடக்காது என்று விரைவில் உணர்ந்தேன். எந்த அதிர்வெண், எத்தனை டெசிபெல் என்பவை இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் ஒரு பட்டையின் அகலத்தை ரியாஈக்யூ ஆக்டேவ் கணக்கில் காட்டுகிறது, பழையதன் அளவுமுறை வேறு. அகலத்தை மட்டும் பழைய கலவையோடு மாற்றி மாற்றிக் கேட்டுக் காதால்தான் பொருத்த வேண்டியிருந்தது. ஒலியின் ஏற்ற இறக்கத்தை அழுத்திச் சமப்படுத்தும் கம்ப்ரஸருக்கும் இதே கதைதான். நாகசுரத்தின் கூர்மையைக் குறைக்க நான் வைத்திருந்த ஒரு பட்டையைப் பொருத்தவே அரை நாள் ஆயிற்று என்றாலும், அந்தத் தடம் இப்போது பழையதைவிட நன்றாகவே இருக்கிறது என்று நம்புகிறேன்.

அடுத்த 5 பெயர்களின் கோப்புகள் கணினியில் இருந்தன. இவை இலவசமாகக் கிடைத்த எளிய பிளக்-இன்கள். நிறுவும் நிரல் எதுவும் இல்லாமல், ஒற்றை டிஎல்எல் (விண்டோஸ் நிரல்கள் ஏற்றிப் பயன்படுத்தும் நிரல் துண்டு) கோப்பாகவே வந்தவை. பழைய கணினியில் டி டிரைவில் நானே உருவாக்கிய ஒரு கோப்புறையில் அவற்றைப் போட்டு வைத்திருந்தேன், அந்தக் கோப்புறையை அப்படியே புதிய கணினிக்கும் படியெடுத்திருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் எஃப்எல் ஸ்டுடியோவின் பிளக்-இன் மேலாளரில் அந்த இடத்தை ஒருமுறை சேர்த்துவிட்டு மறந்துபோனேன். ரீப்பருக்கு அதை யாரும் சொல்லவில்லை.

இங்கே கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது, ஏனென்றால் குழப்பத்தின் வேர் அதில்தான் இருக்கிறது. விஎஸ்டி என்ற முறையை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996-இல் வெளியிட்டது. 1999-இல் வந்த இரண்டாம் பதிப்பில் இசைக்கருவிகளையும் பிளக்-இன்களாக இயக்க முடிந்தது. அந்த இரண்டாம் பதிப்புக் கோப்புகள் விண்டோஸில் இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஏற்ற விதி நிலைபெறவில்லை. ஒருவர் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் விஎஸ்டி பிளக்-இன்ஸ் என்ற கோப்புறையில் வைப்பார், இன்னொருவர் ஸ்டைன்பெர்க் கோப்புறைக்குள் வைப்பார், வேறொருவர் காமன் ஃபைல்ஸுக்குள் வைப்பார், என்னைப் போன்றவர்கள் டி டிரைவில் வைப்போம். 2008-இல் வந்த விஎஸ்டி3-க்கு மட்டும் ஒரே முகவரி வகுக்கப்பட்டது: சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் விஎஸ்டி3. அதனால்தான் மென்பொருள் மாறும்போது விஎஸ்டி3 பிளக்-இன்கள் பெரும்பாலும் தாமே வந்து நின்றுவிடுகின்றன, பழையவை நிற்பதில்லை.

ரீப்பரில் ஆப்ஷன்ஸ், ப்ரிஃபரன்ஸஸ், பிளக்-இன்ஸ், விஎஸ்டி என்று போனால் தேடும் இடங்களின் பட்டியல் கிடைக்கும். அதில் டி டிரைவின் அந்தக் கோப்புறையைச் சேர்த்து மறு ஸ்கேன் செய்ததும் 5-உம் வந்துவிட்டன. சோம்பலில் டி டிரைவ் முழுவதையும் சேர்த்துவிடலாமா என்று நினைத்தேன், நல்லவேளையாகச் செய்யவில்லை. பிளக்-இன் அல்லாத டிஎல்எல் கோப்புகளையெல்லாம் மென்பொருள் திறந்து பார்க்க முயலும்; ஸ்கேன் எங்காவது நின்றுபோனால் எதனால் நின்றது என்று கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

இதற்குப் பிறகு வந்த ஒன்று என்னை அதிகம் அலைக்கழித்தது. பாடகர்களின் குரலைச் சுருதிக்குக் கொண்டுவரும் ஒரு பிளக்-இன், சரியான இடத்தில் சரியாக நிறுவப்பட்டிருந்தும் பட்டியலில் இல்லை. மூன்று முறை மறு ஸ்கேன் செய்தும் பயனில்லை. ரீப்பர் தான் ஸ்கேன் செய்தவற்றின் குறிப்பை ஒரு ஐஎன்ஐ கோப்பில் சேமித்து வைக்கிறது. ஆப்ஷன்ஸ் பட்டியலில் ரீப்பர் ரிசோர்ஸ் பாத் என்பதைத் திறந்தால் அது கண்ணில் படும். அதைத் திறந்து பார்த்தபோது, நன்றாகத் திறந்த பிளக்-இன்களின் வரிகளில் கோப்பின் பெயருக்குப் பின் பிளக்-இன்னின் பெயரும் தயாரிப்பாளரின் பெயரும் இருந்தன. இதன் வரியில் கோப்பின் பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே இருந்தன. அதாவது ரீப்பர் அதைக் கண்டிருக்கிறது, திறக்க முயன்றிருக்கிறது, தோற்றிருக்கிறது. தோற்றது என்று குறித்துவைத்துவிட்டு அடுத்தடுத்த ஸ்கேன்களில் அதைத் தொடாமல் கடந்து போயிருக்கிறது. சாதாரண மறு ஸ்கேனுக்கும், பழைய குறிப்பை அழித்துவிட்டுச் செய்யும் மறு ஸ்கேனுக்கும் உள்ள வேறுபாடு அன்றுதான் எனக்கு விளங்கியது.

குறிப்பை அழித்துவிட்டு ஸ்கேன் செய்தபோதும் அது தோற்றது. ஏன் என்று ரீப்பர் சொல்லவில்லை. அதே பிளக்-இன்னுக்குத் தனியாக இயங்கும் ஒரு நிரலும் கூடவே நிறுவப்பட்டிருந்தது. அதை நேரடியாகத் திறந்து பார்க்கலாம் என்று தம்பிதான் சொன்னான். திறந்ததும், எம்எஸ்விசிபி140 என்ற டிஎல்எல் கோப்பைக் காணவில்லை என்று விண்டோஸே தெளிவாகச் சொல்லிவிட்டது. இது மைக்ரோசாஃப்ட்டின் விஷுவல் சி++ இயக்க நூலகத்தைச் சேர்ந்த கோப்பு. பழைய கணினியில் வேறு ஏதோ ஒரு நிரல் தன் தேவைக்காக அந்த நூலகத்தை நிறுவியிருக்கிறது, இந்தப் பிளக்-இன் அதன் நிழலில் பிழைத்திருக்கிறது. புதிய கணினியில் அந்த நிரல் இல்லை. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் அந்த நூலகத்தின் 64 பிட் வடிவத்தை நிறுவி, குறிப்பை அழித்து, மறுபடி ஸ்கேன் செய்ததும் பிளக்-இன் வந்தது. பட்டியலில் ஒன்று இல்லையென்றால், அதைத் தனியாக இயக்கிப் பார்க்க முடியுமா என்று தேடுவதே இப்போது என் முதல் வேலை.

தம்பியின் இரண்டு பாடல்களில் காணாமல் போயிருந்த 2 பிளக்-இன்கள் வேறு வகை. பெயரோடு கோப்பையும் சேர்த்து ஒப்பிட்டதால்தான் அவை 17-இல் சேர்ந்தன; பெயரை மட்டும் பார்த்தால் இரண்டும் என் கணினியில் இருந்தன, பட்டியலிலும் தெரிந்தன. ஆனாலும் அவனுடைய திட்டத்தைத் திறந்தால் ரீப்பர் அவற்றைக் காணவில்லை என்றது. காரணம், அவன் பயன்படுத்தியது விஎஸ்டி இரண்டாம் பதிப்பு. நான் நிறுவியிருந்தது விஎஸ்டி3. பெயரும் முகமும் ஒன்றாக இருந்தாலும், திட்டக் கோப்பில் சேமிக்கப்படுவது பெயர் மட்டுமல்ல, அடையாள எண்ணும் சேர்ந்துதான். இரண்டாம் பதிப்பில் அது நான்கு எழுத்துகள் அளவுள்ள குறியீடு. விஎஸ்டி3-இல் அது 128 பிட் நீளமுள்ள முற்றிலும் வேறான எண். பழையதன் இடத்தில் புதியதை அமர்த்துவதற்குத் தயாரிப்பாளர் தனியாக வழி செய்திருந்தாலொழிய, மென்பொருளின் கண்ணுக்கு இவை இரண்டு வெவ்வேறு ஆட்கள்.

ரீப்பரில் ஒரு நல்ல குணம் உண்டு. பிளக்-இன் இல்லையென்றாலும் அதன் அமைப்புகளைத் திட்டக் கோப்பிலிருந்து அழிப்பதில்லை. பிளக்-இன் திரும்பி வரும்வரை அப்படியே சுமந்துகொண்டிருக்கிறது. ஆகவே, காணவில்லை என்று காட்டும் இடத்தை அவசரப்பட்டு நீக்கிவிடக் கூடாது. நிறுவும் நிரலை மீண்டும் ஓடவிட்டு, எந்த வடிவங்கள் வேண்டும் என்று கேட்கும் திரையில் விஎஸ்டி இரண்டாம் பதிப்பின் கட்டத்தையும் தேர்ந்தெடுத்தேன். திட்டத்தைத் திறந்ததும் அவன் வைத்திருந்த எல்லா அமைப்புகளும் அப்படியே திரும்பி வந்தன. பிறகு, பிளக்-இன்னின் சொந்தப் பட்டியலில் உள்ள சேமிக்கும் வசதியால் அந்த அமைப்புக்கு ஒரு பெயர் கொடுத்துச் சேமித்து, விஎஸ்டி3 வடிவத்தில் அதைத் திறந்து, பழையதை எடுத்துவிட்டேன். மென்பொருளின் சேமிப்பு வசதியைப் பயன்படுத்தினால் கோப்பின் வகை ஒவ்வொரு வடிவத்துக்கும் வேறாகிவிடும். பிளக்-இன்னே சேமித்துக்கொள்வது பெரும்பாலும் இரண்டுக்கும் பொதுவாக இருக்கும். இந்த மாற்றத்தை இப்போதே செய்துவிடுவது நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் 2018-ஆம் ஆண்டு முதல் புதிய தயாரிப்பாளர்களுக்கு இரண்டாம் பதிப்பின் உருவாக்கக் கருவிகளை ஸ்டைன்பெர்க் தருவதில்லை.

17-இல் சேராத ஒரு சிக்கலையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பதிந்த ஒலித் துண்டுகளைக் கொண்டு இசைக்கருவிகளை ஒலிக்கவைக்கும் கான்டாக்ட் என்ற பிளக்-இன் திறந்தது, ஆனால் அதற்குள் இருந்த தம்பூராவுக்கு ஒலியில்லை. ஒலித் துண்டுகளைக் காணவில்லை என்ற சாளரம் வந்தது. அவை இருந்த வெளி வட்டு பழைய கணினியில் இ டிரைவாக இருந்தது, புதியதில் எஃப் டிரைவாகிவிட்டது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த வட்டுக்கு மீண்டும் இ என்ற எழுத்தைக் கொடுத்ததும் தீர்ந்தது.

மீதமிருந்த 3-இல்தான் பெரியவரின் குகை இருந்தது.

அந்த ரிவர்ப், ஒலிநாடாவின் சூட்டைத் தரும் ஒரு சாச்சுரேஷன், ஒலியைப் பல குரல்கள் சேர்ந்ததுபோல் தடிப்பாக்கும் ஒரு கோரஸ் ஆகிய மூன்றும் பல ஆண்டுகளுக்கு முன் இலவசமாக வெளிவந்து, தயாரித்தவர்களால் கைவிடப்பட்டவை. கோப்புகள் புரோகிராம் ஃபைல்ஸ் எக்ஸ்86 கோப்புறையில் கிடந்தன. அது பழைய 32 பிட் நிரல்களுக்கான கோப்புறை என்பதால், அந்தப் பெயரைப் பார்த்ததுமே ஐயம் வந்தது. உறுதிசெய்துகொள்ள ஒரு பழைய உத்தியைப் பயன்படுத்தினேன். டிஎல்எல் கோப்பை நோட்பேடில் திறந்தால் புரியாத எழுத்துக் குவியல்தான் தெரியும். அதில் தொடக்கத்துக்கு அருகே ஆங்கிலப் பெரிய எழுத்துகளான பி, இ இரண்டும் சேர்ந்து வரும் இடத்தைத் தேட வேண்டும். அதை அடுத்துப் பெரிய எழுத்து எல் இருந்தால் 32 பிட், சிறிய எழுத்து டி இருந்தால் 64 பிட். மூன்றிலும் எல் இருந்தது.

64 பிட் நிரல் ஒன்று 32 பிட் டிஎல்எல் கோப்பைத் தன் நினைவகத்துக்குள் நேரடியாக ஏற்ற முடியாது. தனியாக ஒரு 32 பிட் நிரலை ஓடவிட்டு, அதற்குள் பிளக்-இன்னை ஏற்றி, ஒலியை இரண்டுக்கும் இடையே கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டும். இதைத்தான் பாலம் என்கிறார்கள். எஃப்எல் ஸ்டுடியோ இத்தனை ஆண்டுகளாக எனக்குத் தெரியாமலேயே இந்தப் பாலத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. இதே வகையிலான பிற மென்பொருள்களில் கியூபேஸ் 2016-இல் வெளிவந்த 9-ஆம் பதிப்போடும், ஏபிள்டன் லைவ் 2018-இல் வெளிவந்த 10-ஆம் பதிப்போடும் 32 பிட் பிளக்-இன்களைக் கைவிட்டன. நான் அவற்றில் ஒன்றுக்கு மாறியிருந்தால் இந்த மூன்றும் அங்கேயே முடிந்திருக்கும். ரீப்பரில் விண்டோஸுக்கான பாலம் உண்டு. அந்தக் கோப்புறையைத் தேடும் பட்டியலில் சேர்த்ததுமே மூன்றின் பெயர்களும் வந்துவிட்டன.

கோரஸ் உடனே வேலை செய்தது. சாச்சுரேஷனின் சாளரம் வெறும் கறுப்பாக இருந்தது. பிளக்-இன் பெயரின் மீது வலது பொத்தானை அழுத்தினால் வரும் ரன் ஆஸ் பட்டியலில், பாலத்தின் வழியே வரும் முகப்பை ரீப்பர் சாளரத்துக்குள் பதிப்பதை நிறுத்தியதும் அது தனிச் சாளரமாகத் திறந்தது. ரிவர்ப் மட்டும் திறந்த நொடியில் விழுந்தது. புதிய கணினியில் எஃப்எல் ஸ்டுடியோவை நிறுவி அதில் திறந்தும் பார்த்தேன், அங்கும் விழுந்தது. பழைய கணினியில் மட்டுமே அது உயிரோடு இருந்தது.

பழைய கணினியிலேயே பம்பைத் தடத்தை அந்த ரிவர்போடு வேவ் கோப்பாக எடுத்துவிடலாம். பழைய நான்கு பாடல்களுக்கு அது போதும். ஆனால் புதிய இரண்டு பாடல்களுக்கும் அதே முழக்கம் வேண்டும், கலவையின்போது அளவைக் கூட்டிக் குறைக்கவும் வேண்டும். அதற்கு அந்த ரிவர்பின் எதிரொலியையே பிடித்து எடுத்துவர ஒரு வழி இருந்தது.

ரிவர்ப் என்பது, உள்ளே போகும் ஒவ்வொரு சாம்பிளுக்கும் (டிஜிட்டல் ஒலியின் ஒற்றை அளவீட்டுப் புள்ளி) ஒரே மாதிரியான வாலை ஒட்டி அனுப்பும் இயந்திரம் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு சாம்பிளை மட்டும் உள்ளே அனுப்பி வெளியே வரும் வாலைப் பதிந்துகொண்டால் போதும்; கன்வொல்யூஷன் என்ற கணக்கு அந்த வாலை எந்த ஒலிக்கும் ஒட்டிவிடும். இந்த வாலுக்கு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று பெயர். ரீப்பரோடு வரும் ரியாவெர்ப் இந்தக் கணக்கைத்தான் செய்கிறது.

பழைய பதிவுகள் வினாடிக்கு 44,100 சாம்பிள்கள் கொண்டவை என்பதால் அதே அளவில் வேலையைத் தொடங்கினேன். ஒலி திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில் 8 வினாடி அமைதியை உருவாக்கி, தனித்தனிச் சாம்பிள்கள் புள்ளிகளாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கி, வரையும் கருவியால் ஒரே ஒரு புள்ளியை மட்டும் உச்சிவரை இழுத்து, 32 பிட் ஃப்ளோட் வேவ் கோப்பாகச் சேமித்தேன். கேட்டால் ஒரு சிறிய ‘டிக்’ மட்டுமே. பழைய கணினியில் 2013-ஆம் ஆண்டுத் திட்டத்தைத் திறந்து, ரிவர்பின் குமிழ்களைத் தொடாமல், மூல ஒலியின் அளவை மட்டும் சுழியாக்கி, வேறு எந்த எஃபெக்ட்டும் இல்லாமல், அந்த ‘டிக்’கை அதன் வழியே அனுப்பி, வெளிவந்ததை மீண்டும் 32 பிட் ஃப்ளோட்டாக எடுத்தேன். வால் முழுவதும் அடங்கும்வரை காத்திருப்பது முக்கியம். முன்னதாக வெட்டினால் பம்பையின் கடைசி அடி கத்தியால் அறுத்ததுபோல் நின்றுவிடும்.

பம்பை ஒன்றல்ல, ஒன்றோடொன்று கட்டிய இரண்டு முழவுகள். இரண்டுக்கும் தனி மைக் வைத்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் நகர்த்தியிருந்தேன். இடப்பக்க ஒலி ரிவர்புக்குள் போனாலும் அதன் எதிரொலி இரண்டு பக்கமும் பரவித்தான் வரும். ‘டிக்’கை நடுவில் வைத்து ஒருமுறை மட்டும் எடுத்தால் இந்தப் பரவல் தவறிவிடும். அதனால் இடப்பக்கம் மட்டும் ஒருமுறையும் வலப்பக்கம் மட்டும் ஒருமுறையும் அனுப்பி, இரண்டு ஸ்டீரியோ கோப்புகளாக எடுத்தேன். ரீப்பரில் இரண்டு ரிவர்ப் தடங்களை அமைத்து, முதலாவதற்கு இடப்பக்க முழவின் ஒலியை மட்டும், இரண்டாவதற்கு வலப்பக்க முழவின் ஒலியை மட்டும், நகர்த்தாமல் ஒற்றை ஒலியாக அனுப்பினேன். நடுவில் நிற்கும் பாடகரின் குரல் இரண்டுக்கும் சம அளவில் போகிறது.

இந்த முறை எல்லாவற்றுக்கும் ஒத்துவராது. சில ரிவர்புகள் உள்ளே தாமத நேரத்தை மெல்ல அசைத்துக்கொண்டே இருக்கும். அவற்றின் வால் ஒவ்வொரு நொடியும் வேறாக இருப்பதால், ‘டிக்’ பிடிப்பது ஒரு கணத்தை மட்டும்தான். என் ரிவர்பிலும் அப்படியொரு குமிழ் உண்டு; 2013-இல் அதைச் சுழியில் வைத்திருந்தேன் என்பதால் தப்பித்தேன். சாச்சுரேஷனையும் கம்ப்ரஸரையும் இப்படிப் பிடிக்கவே முடியாது, ஏனென்றால் அவை மெல்லிய ஒலிக்கு ஒரு மாதிரியும் வலுத்த ஒலிக்கு வேறு மாதிரியும் நடந்துகொள்கின்றன.

சரிபார்க்காமல் பெரியவருக்கு அனுப்ப மனம் வரவில்லை. பழைய கணினியில் ரிவர்பின் ஒலியை மட்டும் எடுத்த கோப்பையும், ரியாவெர்ப் வழியே வந்த அதே பகுதியையும் ரீப்பரில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, அளவைச் சமப்படுத்தி, ஒன்றின் அலையைத் தலைகீழாக்கினேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றையொன்று அழித்துவிட வேண்டும். முதல் முயற்சியில் அழியவில்லை. இரண்டும் சில சாம்பிள்கள் விலகி நின்றன. நகர்த்திப் பொருத்தியதும் மீட்டர் ஏறக்குறைய அடித்தளத்திலேயே படுத்துக்கொண்டது. ஹெட்ஃபோனில் முழு ஒலியில் வைத்துக் கேட்டேன். காற்று போன்ற மிக மெல்லிய மிச்சம் மட்டும் இருந்தது.

இவ்வளவு பாடுபட்டபோது ஒன்று தோன்றியது. இதே ‘டிக்’ வேலையைச் சேர்வராயன் குகையிலேயே செய்தால் மெய்யான குகையின் வாலே கிடைக்குமே. ஒலிபெருக்கியும் மைக்கும் எடுத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப்போய்ச் செய்யக்கூடியதுதான். ஆனால் அது மக்கள் வழிபடும் இடம். கோயிலாரைக் கேட்டு, அவர்கள் மனமுவந்து சொன்னால் மட்டுமே செய்ய வேண்டிய வேலை அது. இந்த ஆடிக்கு அதற்கு நேரமில்லை.

புதிய கலவையை அனுப்பிய மறுநாள் பெரியவர் அழைத்தார். முழக்கம் வந்துவிட்டது என்றும், ஆனால் இரண்டாம் பாட்டில் உடுக்கை கொஞ்சம் அடங்கியிருக்கிறது என்றும் சொன்னார். அதையும் பழைய கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்தினேன். நான் பொருத்திய கம்ப்ரஸர் தேவைக்கு மேல் அழுத்திக்கொண்டிருந்தது.

இப்போது ஒவ்வொரு பாடலின் கோப்புறையிலும் எஃபெக்ட்டுகளோடு எடுத்த தடங்கள் ஒருபுறமும் எஃபெக்ட்டுகள் இல்லாத தடங்கள் மறுபுறமும் இருக்கின்றன. எஃப்எல் ஸ்டுடியோவின் ஏற்றுமதிச் சாளரத்திலேயே மிக்சர் தடங்களைப் பிரித்து எடுக்கவும் இன்சர்ட் எஃபெக்ட்டுகளை நிறுத்தவும் தேர்வுகள் இருப்பதால், இரண்டு முறை ஓடவிட்டால் வேலை முடிந்துவிடுகிறது. கூடவே பிளக்-இன்னின் பெயர், பதிப்பு, விஎஸ்டி2 அல்லது 3, 32 பிட் அல்லது 64 பிட் என்று எழுதிய ஒரு சிறு கோப்பும், நிறுவும் நிரலின் ஒரு படியும் வைக்கிறேன். பழைய திட்டங்களில் பாதியளவுக்குத்தான் இதைச் செய்து முடித்திருக்கிறேன். பழைய கணினி அறையின் மூலையில் இணைய இணைப்பில்லாமல், மேலே ஒரு துணி போர்த்தி நிற்கிறது. மீதித் தடங்களை எடுத்து முடிக்கும்வரை அதைக் கழற்றக் கூடாது என்று தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.